பெயர் எழுதாத சீட்டுகள்

கொட்டாம்பட்டியிலிருந்து மருத்துவம் படிக்கச் சீனாவுக்குப் போன எனக்கு, அங்கே குளிரும் பாஷையும் பழகிவிட்டன. நாலு பேர் பார்க்கச் சாப்பிடுவதுதான் பழகவில்லை. மதியம் கேன்டீன் காலியாகும்வரை நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால், தெரிந்த பதிலையும் தெரியாது என்றுவிடுவேன். வீட்டில் இதற்குக் கூச்சம் என்று பெயர். பட்டிக்காட்டிலிருந்து வந்ததால்தான் இப்படி என்று நானும் நம்பினேன்.

நான்காம் ஆண்டு, உள்ளூர் மாணவர்களோடு சேர்ந்து நடந்த மனநல வகுப்பில், பேராசிரியை எல்லாருக்கும் வெற்றுச் சீட்டுக் கொடுத்தார். மற்றவர்களுக்குப் பயந்து எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்று எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றார். பிறகு ஒவ்வொன்றாக வாசித்தார். போன் அடித்தால் எடுக்க மாட்டேன். தெரிந்தவர் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். என் பார்வை அடுத்தவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று குனிந்தே நடக்கிறேன். சீட்டுகள் தீரவேயில்லை. நடுவில் என்னுடையதும் வந்தது.

"இங்கே இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. நாம் அடக்கமான பிள்ளை என்று பாராட்டிவிடுகிறோம். அதனால் யாரும் மருத்துவரிடம் வருவதில்லை" என்றார் பேராசிரியை.

வெளியே வந்தபோது, வகுப்பில் முதலாவதாக வரும் சீன மாணவன் பக்கத்தில் வந்து, "கேன்டீன் சீட்டு உன்னுடையதுதானே?" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"அந்த நேரத்தில் நானும் நூலகத்தில்தான் இருப்பேன்."

மறுநாள் மதியம் இருவரும் கூட்டத்துக்கு நடுவே, தட்டை விட்டு நிமிராமல் சாப்பிட்டு முடித்தோம். அடுத்த வாரம் பேராசிரியையிடம் சிகிச்சைக்கும் சேர்ந்தே போனோம்.

இப்போது ஊர்ப்பக்கம் திரும்பி, செல்லூரில் மருத்துவம் பார்க்கிறேன். போன வருஷம் தறி ஓட்டும் ஒருவர் வயிற்றுவலி என்று மூன்றாவது முறையாக வந்தார். அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம்.

"மேடையில அம்புட்டுப் பேரு முன்னாடி நிக்கணும்ல சார். நெனச்சாலே வயித்தக் கலக்குது. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"எனக்கும் இருந்துச்சுண்ணே."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். கேன்டீன் கதையைச் சொன்னேன். பிறகு மனநல மருத்துவரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

கல்யாணம் முடிந்து மனைவியோடு வந்தார். "ரெண்டு மணி நேரம் நின்னேன் சார். வேர்த்துச் சட்டையெல்லாம் நனஞ்சிருச்சு. போட்டோக்காரரு பாத்துட்டு ஃபேன என் பக்கம் திருப்பிவிட்டாரு. அம்புட்டுத்தேன்."