பன்னிரண்டடி நிழலைப் பங்கு வைத்தேன்

வயதுக்கு வந்ததும் எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். படித்ததில் என்னிடம் தங்கியது எக்ஸ் ஒன்றுதான். யார் எதைக் கேட்டாலும் ‘எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்’ என்று ஆரம்பித்துவிடுவேன்.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் வயலும் அத்தையின் வயலும் ஒரே மடையில் பாய்ந்தன. அத்தை என் அய்யாவின் தங்கை, கணவனை இழந்தவள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு வயல்தான். எங்களுடையது அதைப்போல இரண்டு மடங்கு. நான்கு நாளைக்கு ஒருமுறை காலையில் இரண்டு வயலுக்கும் சேர்த்து எங்கள் முறை வரும். கடிகாரம் ஏது? வெயிலில் நின்று, தன் நிழலைத் தன் காலாலேயே அடிவைத்து அளப்பார்கள். நிழல் பதினாறு அடி இருக்கும்போது மடை எங்களுக்குத் திறக்கும். உச்சியில் நான்கடியாகச் சுருங்கியதும் அடுத்தவருக்குப் போய்விடும்.

அந்தத் தை மாதம், நெல் பால்பிடிக்கும் நேரத்தில், அத்தை சண்டைக்கு வந்துவிட்டாள்.

“அண்ணன் தன் வயலு நெறஞ்ச பெறகுதான் எனக்கு விடுறாக. படிச்ச பிள்ள, நீ பிரிச்சுக் குடு தாயி.”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தைக்கு எக்ஸ், அய்யாவுக்கு இரண்டு எக்ஸ், மொத்தம் பன்னிரண்டு அடி. ஆகவே எக்ஸ் நான்கு. கரித்துண்டால் சுவரில் எழுதியே காட்டினேன்.

“மொத நாலடிய அவளே எடுத்துக்கிடட்டும்” என்று அய்யா விட்டுக்கொடுத்தார். அவரை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று முறை தண்ணீர் பாய்ந்தது. எங்கள் வயலில் கணுக்கால் அளவு நின்றது. அத்தையின் வயல் கடைப்பக்கம் வெடித்துவிட்டது. குழம்பிப்போய்க் கணக்கைத் திரும்பப் போட்டேன். நான்கும் எட்டும் பன்னிரண்டு. எங்கே தப்பு?

“நீ போட்டது சரியாத்தான் இருக்கும். என் மண்ணுதான் கூடக் குடிக்குது போல” என்றாள் அத்தை. அது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

நான்காம் முறை நானே வரப்பில் நின்று அளந்தேன். பதினாறு பன்னிரண்டாகச் சுருங்குவதற்குள் ஒரு சொம்புக் கஞ்சியைக்கூட ஆறஅமரக் குடிக்க முடியவில்லை. அதன்பிறகு நிழல் மெதுவாகிக்கொண்டே போனது. கடைசி ஓரடி குறைவதற்குள் கால் கடுத்துவிட்டது. காலையில் ஓடுகிற அடியும் உச்சியில் ஊர்கிற அடியும் எப்படி ஒரே அடியாகும்? ஏன் அப்படி என்று யாராவது விளக்கினால் இன்றைக்கும் பாதியில் தொலைந்துபோவேன்.

முறையை மாற்றினோம். ஆனால் காலம் கடந்துவிட்டது. அறுவடையில் அத்தைக்குப் பாதிக்குமேல் பதர். அவள் தூற்றுவதைப் பார்க்க முடியாமல் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அய்யா காலமெல்லாம் நிழல் பார்த்து மடை திறந்தவர். அவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு, கேட்டே விட்டேன்.

“காலை நிழலு வெரசாக் கொறயும்னு ஒங்களுக்குத் தெரியுமாய்யா?”

அவர் மண்வெட்டியிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“கணக்கு நீதானத்தா போட்ட” என்றார்.