வீடு தேடி வந்த பழத்தட்டு

ஜெர்மனியில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் மருத்துவமனையில், வார்டு பொறுப்பாளர் அம்மா ஒருநாள் டீ வேண்டுமா என்று கேட்பதுபோலக் கேட்டார்: "நாளைக்கு ஸ்டிரைக்குக்கு வருகிறாயா, டியூட்டிக்கு வருகிறாயா?" ஆழம் பார்க்கிறார் என்றே நினைத்தேன். நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்று தெரிந்த ஜெர்மனில் உளறினேன். "அப்படியென்றால் இந்தச் சம்பளமே உனக்குப் போதுமா?" என்று அவர் நிஜமாகவே கவலைப்பட்டார். மறுநாள் அவரும் எங்களோடு தெருவில் நின்றார். என் கையில் ஒரு சிவப்பு விசிலைத் திணித்தார். முதலில் பயந்து பயந்து ஊதினேன், பிறகு கன்னம் வலிக்க ஊதினேன். அந்த வீடியோவை வாலாஜாபாத்தில் இருக்கும் தம்பி பிரபுவுக்கு அனுப்பினேன்.

இந்த முறை விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது பிரபு வேலைக்குப் போகவில்லை. தொழிற்சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி, ஒரகடத்தில் அவன் கம்பெனிக்கு எதிரே கீற்றுப் பந்தலில் உட்கார்ந்திருந்தான். ஒருநாள் காலை கம்பெனி அதிகாரிகள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள், ஆப்பிளும் மாதுளையும் அடுக்கிய தட்டோடு. பிரபுவின் நிச்சயதார்த்தத்துக்குப் பெண் வீட்டுக்கு நாங்கள் கொண்டுபோனதும் இதே மாதிரித் தட்டுதான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. காபி போட ஓடினாள்.

"தம்பிக்குத் தையில கல்யாணமாமே," என்றார் மூத்தவர், ரொம்ப அக்கறையாக. "பொண்ணு வீட்ல நம்ம கம்பெனிய நம்பித்தானே குடுக்கறாங்க? நீங்க ஃபாரின்ல இருக்கீங்க மேடம். அங்கல்லாம் இப்படியா ரோட்டுல உக்காந்துகிட்டு இருக்காங்க? நீங்களாவது அவருக்கு எடுத்துச் சொல்லுங்க."

ஆமாம் சார், எங்கள் வார்டு பொறுப்பாளரே நின்றார் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அம்மாவின் ஆபரேஷன் இந்தக் கம்பெனி இன்சூரன்ஸில்தான் நடந்தது. மழையோ வெயிலோ பிரபுவைத் தெருமுனையில் ஏற்றி இறக்கியது கம்பெனி பஸ்தான். கல்யாணத்தைச் சொல்லி மிரட்டுகிறாரே என்று ஆத்திரமும் வந்தது, நன்றியும் போகவில்லை. "சொல்றேன் சார்" என்றேன்.

மத்தியானம் வந்த பிரபு தட்டைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"இன்னாக்கா, எனக்கு மறுபடியும் நிச்சயமா?"

"விளையாடாதடா. பேசாம வேலைக்குப் போ. கல்யாணம் முடியட்டும்."

"பாத்ரூம் போறதுக்குக்கூட சூப்பர்வைசராண்ட கையக் கட்டிகினு நிக்கணும்க்கா. எங்களுக்காகப் பேச ஒரு ஆளு வோணும்னு கேக்கறோம். தப்பா?"

"தப்புன்னு யாருடா சொன்னா? வேலை போச்சுன்னா?"

"நீ விசிலு ஊதற வீடியோவ பந்தல்ல எல்லாருக்கும் காட்டிகீறேன், எங்க அக்கான்னு. இப்ப அவங்களாண்ட போயி இன்னா சொல்ல?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவன் பழத்தைத் தொடவில்லை. அம்மா அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பங்கு வைத்தாள். சாயங்காலம் பிரபு, நான் பெட்டியில் கொண்டுவந்திருந்த அந்தச் சிவப்பு விசிலைக் கேட்டான். மறுக்க மனம் வரவில்லை, கொடுத்துவிட்டேன்.

நான் கிளம்பிய அன்று, விமான நிலையம் போகும் கார் ஒரகடம் வழியாகத்தான் போனது. பந்தலை நெருங்கும்போதே விசில் சத்தம் கேட்டது. பிரபு எழுந்து நின்று, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தான். சாலைக்கு அந்தப் பக்கம், கம்பெனி கேட்டில், பழத்தட்டோடு வந்த அந்த மூத்த அதிகாரி நின்றிருந்தார். காருக்குள் என்னைக் கண்டதும் அவர் கும்பிட்டார். அதே நேரம் பிரபுவும் கையசைத்தான். நடுவில் போன காரிலிருந்து நான் ஒரு கையைத் தூக்கினேன். இரண்டு பேருமே தங்களுக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள்.