ஆவுடைத்தாயின் சுவர்

ஆமத்தூர் காலனியில் உருவமே இல்லாத படத்தை முதன்முதலில் தன் வீட்டுச் சுவரில் ஏற்றியவள் ஆவுடைத்தாய். பெரிய சிவப்பு வட்டம், அதைச் சாய்வாக வெட்டும் கறுப்புப் பட்டை, ஓரத்தில் மஞ்சள் முக்கோணங்கள். அவ்வளவுதான்.

சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் அவளுக்குத் தாள் அடுக்கும் வேலை. மிஷின் சரியாக ஓடும்வரை கழிவுத் தாள்கள் விழும். கலர்மேல் கலர் ஏறி, லேபிளில் இருக்கும் புலியும் குழந்தையும் அழிந்து, வெறும் நிறமும் கோடுமாகக் கிடக்கும். மற்றவர்கள் அதை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவளுக்கோ புலியைவிட அந்தக் கோடுதான் பிடித்திருந்தது.

சுவரைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு வீரலட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"ஏ மதினி, அம்புட்டுப் பெயிண்டையும் கொட்டி ஒண்ணுமே வரையலையே! ஒரு கிளியாவது போடக்கூடாதா?"

"கிளி வேணும்னா வேப்பமரத்துல பாரு. இங்கன வட்டம்தான்."

"தெருவே சிரிக்குது புள்ள" என்றான் அவள் கணவன் மாரிசாமி. அவன் கொத்தனார்.

"சிரிக்கட்டும். பல்லுல காத்துப் படட்டும்."

அப்புறம் பெரிய அதிகாரி ஒருவர் காலனியைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். எல்லா வீட்டுக்கும் ரோஸ் கலர் அடிக்க, காண்டிராக்டரின் ஆள் இசக்கிப்பாண்டி வாளியோடு வந்து நின்றான்.

"அக்கா, தள்ளுங்க. எல்லா வீடும் ஒண்ணுபோல இருக்கணும்."

"எல்லாரு மூஞ்சியும் ஒண்ணுபோலயா தம்பி இருக்கு?"

சுவரில் முதுகை ஒட்டி, கைகளை விரித்து நின்றுகொண்டாள். அவன் ஓங்கிய பிரஷ்ஷிலிருந்து சேலையில் ரோஸ் தெறித்தது. அவள் நகரவில்லை.

"மொதல்ல என்மேல அடி. பெறகு சுவத்துல அடி."

வேலை முடிந்து வந்த மாரிசாமி, "மானத்த வாங்காத, உள்ள வா" என்று அதட்டினான். அவள் அசையாததைப் பார்த்து அவன் மட்டும் உள்ளே போனான். இசக்கிப்பாண்டி முணுமுணுத்தபடி அடுத்த வீட்டுக்கு நகர்ந்தான். மறுநாள் அதிகாரியின் கார் நிற்காமலே போய்விட்டது.

பின்னால் அடுப்படி கட்டும்போது முக்கோண ஜன்னல் கேட்டாள். "எவன் அதுக்குக் கதவு செய்வான்?" என்று மாரிசாமி மறுத்தான். "கதவு எதுக்கு? கம்பி போதும்" என்று தானே கலவை குழைத்துச் செங்கல்லை அடுக்கினாள். கோணல்மாணலாக வந்தது. கொத்தனாருக்கு அதைக் காணச் சகிக்கவில்லை.

"கட்டுறதுதான் கட்டுறோம், ஒழுங்கா கட்டுவோம்" என்று இடித்துவிட்டு, அவள் போட்ட கோட்டுக்கே எழுப்பிக் கொடுத்தான்.

இப்போது மொட்டைமாடிக்குப் படி வேண்டுமாம். அதுவும் வளைந்துதான் ஏற வேண்டுமாம். மாரிசாமி இன்னும் சம்மதிக்கவில்லை. மணல் வந்து இறங்கிவிட்டது.