சிவப்புப் பதிவேட்டில் ஒரு வரி

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஏழு கேள்வி’ என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். மகப்பேறு ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஓர் அறை. ஃபேனைப் போட்டால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் ஆள் வெந்துபோகும். அங்கே உட்கார்ந்து, கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒருமுறை போன் செய்வதுதான் அவள் வேலை. காய்ச்சல் உண்டா, கை வலி உண்டா, தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, ரத்தப்போக்கு, கடைசியாக, குழந்தை அசைகிறதா. ஏழுக்கும் பதில் வாங்கி நீலப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

ஒரு நாளைக்கு அறுபது போன். நாற்பதைத் தாண்டினால் நாக்கு தானாகப் பேசும். மனசு எங்கேயோ காலை நீட்டிப் படுத்துவிடும். வீட்டுக்குப் போனாலும் விடாது. ஒருநாள் கணவன் தும்மியதற்கு, “காய்ச்சல் உண்டா, கை வலி உண்டா” என்று ஆரம்பித்துவிட்டாள். “தாயே, ஏழாவது கேள்வி மட்டும் கேட்டுடாதே” என்று அவன் கும்பிட்டான்.

இதில் கூத்து என்னவென்றால், அவளும் ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். ஊசி போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் மூன்றாம் மாதமே கலைந்துபோனது. இந்த மூன்றாவதை, உட்கார்ந்தாலும் எழுந்தாலும் வயிற்றில் ஒரு கையை வைத்தே காப்பாற்றிக்கொண்டிருந்தாள். “ஊசி கீசின்னு போய் நிக்காதேம்மா” என்று மாமியார் வேறு சொல்லிவைத்திருந்தார். சொல்லியிருக்கவே வேண்டாம். பயம் அவளிடமே மூட்டை மூட்டையாக இருந்தது.

நீலத்தில் என்றைக்காவது ஒரு கெட்ட பதில் வரும் என்று காத்திருந்தாள். ஒருநாள் வந்தது. “கலைஞ்சுபோச்சு மேடம். பத்தாவது வாரம்.” அதை எழுதாமல், பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

“எழுதும்மா, இதையும் எழுதத்தானே வச்சிருக்கோம்” என்றார் டாக்டரம்மா. அவர் கண்ணிலும் தூக்கமில்லை. “ஊசி போடாதவங்களுக்கும் இப்படி ஆகத்தான் செய்யுது. ரெண்டு நோட்டையும் பக்கத்துல வச்சு எண்ணிப் பாத்துட்டோம். ஊசியால ஒண்ணும் கூடலை.”

இவருக்கென்ன, சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அந்த இன்னொரு நோட்டு, அதே கேள்விகளை ஊசி போடாத கர்ப்பிணிகளிடம் கேட்டு எழுதும் சிவப்புப் பதிவேடு, எதிர் மேஜையில் உட்காரும் கண்ணாடி போட்ட அக்காவுடையது. ஒருவர் நோட்டை மற்றவர் தொடக்கூடாது. ஆனால் அடுத்த வாரம் அக்கா மூட்டுவலி என்று மூன்று நாள் லீவு போட, சிவப்பும் இவள் தலையில் விழுந்தது.

புரட்டினாள். கலைந்தவை இங்கேயும் இருந்தன. எண்ணினாள்; நீலத்தைவிட ஒன்று கூடுதல். நீலத்தில் அவள் ஒருமுறைகூட எழுதாத வார்த்தைகளும் இருந்தன: மூச்சுத்திணறல். ஆக்சிஜன். எட்டாம் மாதத்தில் ஆபரேஷன். வலிக்கும் இடுப்பைத் தலையணையில் சாய்த்துக்கொண்டு போனை எடுத்தாள்.

நாற்பத்தி ஏழாவது போனை ஓர் ஆண் எடுத்தார்.

“உங்க வீட்டம்மாகிட்ட பேசணுங்க.”

“அவ இல்லைங்க. கொரோனா. போன வியாழக்கிழமை போயிட்டா. புள்ளைய எடுத்துட்டாங்க. கண்ணாடிப் பெட்டியில இருக்கு.”

அவள் ‘ஐயோ’ என்றுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் நாக்கு நாற்பத்தி ஆறு போன் பழகிய நாக்கு. “குழந்தை அசையுதா?” என்று கேட்டுவிட்டது.

கேட்ட பிறகுதான் உறைத்தது. அவர் திட்டியிருக்கலாம், போனை வைத்திருக்கலாம்.

“அசையுதுங்க. கையைக் கையை ஆட்டுது” என்றார்.

அந்தப் பதிலை எழுத அந்த நோட்டில் கட்டம் இல்லை. பேனாவைப் பிடித்தபடி பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் மூன்றாவது வரியில் அவள் பேர் இருந்தது, பெற்றவர்கள் வைத்த பேர். இதே ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பதிந்தவள், ஊசி போடாதவள், வேறெங்கே இருப்பாள்? பத்து வாரமாக அக்காவின் குண்டு எழுத்தில் நலம், நலம், நலம். ஒரு தடவைகூட அக்கா போன் செய்ததில்லை. எதிர் மேஜையைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாள்.

இத்தனை பேர் வரிசையில் தானும் ஒரு வரி என்பது அவளுக்கு அன்றுவரை தோன்றவே இல்லை. யாருமற்ற அறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவி, மீதி பதிமூன்று போனையும் முடித்துவிட்டு, கீழே போய்த் தடுப்பூசி வரிசையில் நின்றாள்.

மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கை வலித்தது, ஓர் இரவு லேசாகக் காய்ச்சலும் வந்து போனது. நான்காம் நாள் அக்கா வந்து, ஊசி விஷயம் தெரிந்ததும் அவள் பேரைச் சிவப்புப் பதிவேட்டில் அடித்து, நீலப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டு, மூன்றடி தூரத்திலிருந்து போன் போட்டாள்.

“எதுக்குக்கா? நேர்லயே கேளுங்களேன்.”

“பாத்து எழுதினது போதும். எடுடி.”

ஆறு கேள்வி ஆயிற்று. ஏழாவதும் வந்தது. காலையிலிருந்து வேலை மும்முரத்தில் கவனிக்கவே இல்லை. கை வயிற்றுக்குப் போனது. அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவளைப் பார்க்காமல், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஃபேனில் காகிதங்கள் படபடத்தன.

“உதைக்குதுக்கா” என்றாள், போனிலேயே.