பொட்டின் மேல் பூட்டிய தொலைநோக்கி

பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று மனைவி அவர்களைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போனபின், நோர்வேயில், புருசெத் அடுக்குமாடி வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன். வேலையை விட முடியவில்லை. வார நாட்கள் பேக்கரியில் எப்படியோ போய்விடும். சனியும் ஞாயிறும்தான் ஆளைக் கொல்லும். சோறு வடித்துவிட்டு, இவ்வளவும் யாருக்கு என்று சட்டியைப் பார்த்தபடி நிற்பேன்.

பேக்கரியில் என்னோடு மா குழைக்கும் நோர்வேக்காரன் ஒருநாள், தங்கள் வேட்டைக்குழுவில் ஓர் ஆள் குறைகிறது, வருகிறாயா என்று கேட்டான். இலையுதிர் காலத்தில் எல்க் வேட்டை. எல்க் என்றால் குதிரை உயரத்தில் நிற்கும் மான். அதற்கான வகுப்புக்குப் போய்ப் பரீட்சையும் எழுதினேன். மிஞ்சியது குறிபார்த்துச் சுடும் சோதனை. அதில் தவறினால் குழுவில் இடமில்லை. எனக்கு இறைச்சி வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமையில் என்னை எதிர்பார்க்க நாலு பேர் வேண்டியிருந்தது.

மனைவியிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த மனுசன், இப்ப காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போறாராம். உங்களுக்கு என்ன விசரே?”

“ஓம், விசர்தான். நீர் இஞ்சை தனிய இருந்து பாரும், தெரியும்.”

அவள் அதற்குப் பிறகு பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைத்தாள்.

துவக்கு லேசில் கிடைத்தது. அதன்மேல் தொலைநோக்கியைப் பிடித்துவைக்கும் தாங்கிகளைத் தெரிவுசெய்வதில்தான் திண்டாடிப் போனேன். உயரமானவை எடுப்பாக இருந்தன. ஆனால் அவற்றைப் பூட்டினால் கன்னம் துவக்கின் மரக்கட்டையில் படியாது, கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டவேண்டும். தொலைநோக்கி துவக்குக் குழாயில் முட்டாத அளவுக்குத் தாழ்ந்ததே நல்லது என்றான் கடைக்காரன். பூட்டித் தரவா என்றும் கேட்டான். நானே பூட்டுவேன் என்றேன். சைக்கிளைக் கழற்றிப் பூட்டியவனுக்கு இதென்ன பெரிய வேலை!

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த எதுவும், குளிர்சாதனப் பெட்டி உட்பட, பொட்டு வாங்காமல் தப்பியதில்லை. துவக்கைச் சாமிப் படத்தின் முன் வைத்தேன். அதன் முதுகில் பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல ஓர் இடம் தட்டையாக இருந்தது. சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக வைத்தேன். தாங்கியைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது, அது உட்காரவேண்டிய இடமே அதுதான். துடைத்துவிடலாம். ஆனால் வைத்த பொட்டை அழிக்கிறதா? மனைவி கடலுக்கு அப்பால் இருக்க, அதை நினைக்கவே பயமாக இருந்தது. பொட்டின் மேலேயே தாங்கியை வைத்துத் திருகாணிகளை முறுக்கினேன்.

சுடும் திடலில் முதல் குண்டு நல்லாகப் போனது. அடுத்தது வலப்பக்கம், அதற்கடுத்தது எங்கோ மேலே. கூட வந்திருந்த பேக்கரி நண்பன் தொலைநோக்கியைச் சுற்றியிருந்த வளையங்களை ஆட்டிப் பார்த்தான், பிறகு தாங்கியைக் கழற்றினான். உள்ளே காய்ந்த சந்தனம் மஞ்சள் தூளாக உதிர்ந்தது. விரலால் தொட்டு முகர்ந்தான்.

“நல்ல வாசம். இதென்ன?”

“ஆசீர்வாதம்” என்றேன். அவர்களுடைய மொழியான நொர்ஸ்கில் எனக்கு வேறு சொல் வரவில்லை.

அவன் சிரிக்கவில்லை. “ஆசீர்வாதத்தை வேறை இடத்திலை வை. இரும்பிலை இரும்பு இருக்கவேணும். இடையிலை ஒண்டும் கூடாது.”

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அவன் துடைத்தபோது நான் வேறு பக்கம் பார்த்தேன். காயவிட்டு, திருகாணிகளை ஒரேயடியாக முறுக்காமல் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். அன்றைக்கே பொட்டை மரக்கட்டையில் வைத்தேன். அடுத்த கிழமை சோதனையில் தேறிவிட்டேன். அதைச் சொல்ல வீட்டில் யாரும் இருக்கவில்லை.

வேட்டையன்று காலையில் எல்லோருமாகக் கோப்பி குடித்தோம், பகிடி விட்டோம். பிறகு குழுத்தலைவர் ஒவ்வொருவரையும் கொண்டுபோய், ஒருவரையொருவர் காணாத தூரத்தில் தனித்தனியே இருத்தினார். எனக்கு ஒரு மரக்குற்றி கிடைத்தது. தனிமை பொறுக்காமல் கூட்டம் தேடி வந்தவனைக் கூட்டமே காட்டில் தனியே விட்டுவிட்டதே என்று ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. இதற்குத்தானா இவ்வளவு பாடு?

மடியில் கிடந்த வயர்லெஸ் கரகரத்தது. தலைவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்டார். என் முறை வந்தது. நொர்ஸ்க் மறந்து போனது, தமிழ்தான் வாயில் வந்தது.

“ஓம், இருக்கிறன்.”

யாரது என்று தலைவர் திரும்பக் கேட்டார். பிறகு பேக்கரி நண்பனின் குரல் கேட்டது.

“அது அவன்தான். இருக்கிறான்.”