பன்னிரண்டு கிலோவுக்கு இரண்டு பெட்டி

“மேற்படி அலுவலர் வலது தோள்பட்டைத் தசைநார்க் காயம் காரணமாக இலகுவான இருக்கைப் பணிக்கே உகந்தவர். ஐந்து கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை எதையும் தூக்கக் கூடாது. அமைதியான, ஒத்துப்போகும் சுபாவம் உடையவர்.”

மூன்று மருத்துவர்கள் கூடிக் கலந்து கையெழுத்திட்ட சான்றிதழ் இது. இதில் சொல்லப்படும் அலுவலர் எடை அளவுத் துறையின் ஆய்வாளர். எடைக்கல் தூக்கியே இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியவள். கடைத்தெருவில் அவளுக்கு எடைக்காரம்மா என்று பெயர். அவள் தலை தெருமுனையில் தெரிந்தால் தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த புளியங்கொட்டை வரைக்கும் தானாக உதிர்ந்துவிடும் என்பார்கள். துணி அளக்கும் நாடா ஒரு விரல் நீளம் இழுபட்டிருந்ததற்காக ஒரு ஜவுளிக்கடைக்காரரை நீதிமன்றம் வரை நடக்க வைத்தவள். ‘ஒத்துப்போகும்’ என்ற சொல்லை அந்த ஜவுளிக்கடைக்காரர் படித்திருந்தால் மருத்துவத்தின் மீதே நம்பிக்கை இழந்திருப்பார்.

தோள் பிசகியதும் தொழிலில்தான். ஒரு தீவனக் கிடங்கில் இருபது கிலோ எடைக்கல் கை நழுவியது. விழட்டும் என்று விட்டிருக்கலாம். அரசாங்கத்தின் எடைக்கல் அடிபட்டால் அதன் எடை கெட்டுப்போகுமே என்று எட்டிப் பிடித்தாள். எடைக்கல் பிழைத்தது.

ஆறு மாதமாக அவளுக்கு மேசை வேலை. அந்த மேசைக்குத்தான் மலைமேலிருந்து மூன்றாவது கடிதம் வந்தது. மூன்றையும் எழுதியவள் ஒரே பெண், உருளைக்கிழங்கு பயிரிடுகிறவள். எடைக்காரம்மா மனதுக்குள் அவளுக்குக் கடிதக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். “அதே பதினைந்து கூடைக் கிழங்கு பாலம் இருந்த காலத்தில் கீழே சந்தையில் ஐம்பது கிலோ இருந்தது. இப்போது எங்கள் ஊர் மண்டித் தராசில் நாற்பத்தெட்டு. சந்தேகமாகக் கேட்டால் மண்டிக்காரர் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கிறார். சரியாக ஐந்து காட்டுகிறது. தண்ணீர் இளைக்கவில்லை, கிழங்கு மட்டும் ஏன் இளைக்கிறது?”

மேலதிகாரியிடம் கோப்பை எடுத்துப் போனாள். அவர் அதைத் திறக்காமலே படிக்கத் தெரிந்தவர்.

“பாலம் ரெண்டு வருஷம் முன்னாடியே மண்சரிவுல போயிடுச்சு. ஜீப் போகாது. ஜீப் போகலைன்னா எடைக்கல் போகாது. எடைக்கல் போகலைன்னா ஆய்வு இல்லை. மாசக் கடைசியில மூடிடுங்க.”

“மூணாவது கடுதாசி சார்.”

“மூணும் ஒரே ஆள் எழுதினதுதானே?”

“ஏமாந்தவங்கதான் சார் எழுதுவாங்க. ஏமாத்தறவங்க எதுக்கு எழுதப் போறாங்க?”

அவர் தேதி முத்திரையைத் தேடுவதில் மும்முரமானார். மாதம் முடியப் பத்தொன்பது நாள் இருந்தது. கோப்பு மூடினால் அந்தத் தராசு சட்டப்படி யோக்கியமானதாகிவிடும். அதற்குப் பிறகு நாலாவது கடிதம் எழுதினால் அதைப் பிரிக்கக்கூட ஆள் இருக்காது.

எடைக்காரம்மா மேசைக்குத் திரும்பிச் சான்றிதழை எடுத்து, கடைக்காரர்களின் உரிமத்தைப் படிக்கிற கண்ணோடு படித்தாள். எடை தூக்கக் கூடாது என்று இருந்தது. வண்டி ஓட்டக் கூடாது என்று எங்கும் இல்லை. அது மருத்துவர்களுக்குத் தோன்றியிருக்காது. ‘சொந்த இருசக்கர வாகனத்தில் அலுவல் பயணம்’ என்ற படிவத்தை நிரப்பினாள். ஏதோ ஸ்கூட்டர் என்று நினைத்து மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

அது ஸ்கூட்டர் இல்லை. அவள் கணவர், புவியியல் வாத்தியார், மூன்று வருடம் முன்பு உலகம் சுற்றுவதற்காக வாங்கிய மோட்டார் சைக்கிள். குதிரை உயரம், காண்டாமிருகப் பார்வை. வாங்கிய மறுநாளே, முதல் சிக்னலிலேயே வாத்தியாருக்குக் கால் எட்டவில்லை. வண்டியும் அவரும் சேர்ந்து சாய்ந்தார்கள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அதற்கு மெழுகு பூசுவதோடு அவருடைய உலகப் பயணம் நின்றது. அவரைவிட ஒரு சாண் உயரமான மனைவிக்குக் கால் தாராளமாக எட்டியது. இதை இருவரும் அன்றே கவனித்தார்கள். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

“வண்டி வேணும், மலைக்குப் போகணும்” என்று அவள் சொன்னபோது வாத்தியார் கலங்குவார் என்றுதான் எதிர்பார்த்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்போ ரெண்டு பக்கமும் பெட்டி மாட்டணும். அலுமினியம்தான். நல்லா பெருசா.”

“பெருசு எதுக்குங்க?”

“ஸ்டிக்கர் ஒட்ட.”

போகாத ஏழு நாட்டு ஸ்டிக்கர்கள் அவருடைய அட்லஸுக்குள் மூன்று வருடமாக விசாவுக்குக் காத்திருந்தன.

பெட்டி அவளுக்கும் வேண்டும்தான். எடைக்கற்கள் உறுதியான, பூட்டக்கூடிய, நீர் புகாத பெட்டியில்தான் பயணம் செய்ய வேண்டும் என்பது விதி. துணிப் பையில் கட்டித் தொங்கவிட முடியாது. ஆனால் அதற்கு முன் ஒரு சிக்கல். ஆற்றைக் கடக்க இப்போது இருப்பது ஒரு தொங்குபாலம். மாட்டுவண்டி நுழையாமலிருக்க அதன் வாயில் இரண்டு இரும்புத் தூண் நட்டிருந்தார்கள். கடிதக்காரியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“தூணுக்குத் தூண் எத்தனை சென்டிமீட்டர் இருக்கும்மா?”

“கழுதை ஒரு மூட்டையோட போகும். ரெண்டு மூட்டையோட போகாது.”

“மூட்டை எவ்வளவு அகலம்?”

“அது கழுதையைப் பொறுத்தது.”

ஐந்தாம் நாள் ஒரு உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. தூணுக்குத் தூண் பிடித்து இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட ஒரு கயிறு இருந்தது. ஊரெல்லாம் நாடாவைப் பறிமுதல் செய்தவள் கையில் இப்போது ஒரு சாக்குக் கயிறு. இழுத்துப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. கயிற்றின் குணத்துக்கு இரண்டைக் கழித்துத் தொண்ணூற்றாறு என்று எழுதிக்கொண்டு, ஜவுளிக்கடைக்காரர் வருகிற தெருவை விட்டு வேறு தெரு வழியாகப் பெட்டிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் முழங்கையில் உலக வரைபடம் பச்சை குத்தியிருந்தார். எதைச் சொன்னாலும் வாத்தியாரைப் பார்த்தே சொன்னார். வண்டி அவர் பெயரில் இருந்தது.

“எந்த நாடு சார் பிளான்?”

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள், “ஒரு கிழங்கு மண்டி வரைக்கும்” என்றாள் அவள்.

முதலில் அலுமினியப் பெட்டி. கண்ணாடி போல மின்னியது. வாத்தியார் அதைத் தடவிய விதத்தைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது. வண்டியில் மாட்டச் சொல்லி, கயிற்றின் ஒரு முனையைக் கணவரிடமும் மறுமுனையைக் கடைக்காரரிடமும் கொடுத்தாள். பெட்டிகள் முடிச்சுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. நூற்றுநாலு சென்டிமீட்டர்.

“எட்டு சென்டிமீட்டர்தானே மேடம்? ரோட்ல என்ன ஆகப் போகுது?”

“ரோட்ல ஒண்ணும் ஆகாது. தூண்லதான் ஆகும்.”

அடுத்தது பிளாஸ்டிக். அகலம் சரி. ஆனால் புத்தகம் போலப் பக்கவாட்டில் திறந்தது. திறந்ததும் உள்ளே இருப்பது காலில்தான் விழும்.

“அதுக்குத்தான் மேடம் கிளிப். ஒரே விரல்ல பெட்டியையே கழட்டி, அப்படியே ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடலாம். இதோட பெருமையே அதுதான்.”

“கழட்டினா நான் அதைத் தூக்கக் கூடாது. பெட்டி வண்டியிலேயே இருக்கணும். மேல மூடியைத் திறந்து ஒவ்வொரு கல்லா எடுக்கணும்.”

“கல்லா?”

“எடைக்கல்.”

கடைக்காரர் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். பிறகு, கீழ்த்தட்டில் குப்புறக் கிடந்த ஒரு ஜோடியை இழுத்துத் தூசி தட்டினார். கறுப்பு, சின்னது, மேல்மூடி. சைலன்சர் பக்கத்துப் பெட்டி அதற்கு வழிவிட்டு உள்வாங்கியிருந்தது. “இதை யாரும் கேக்கறதில்லை மேடம். ஒரு ஹெல்மெட்கூட நுழையாது.” கயிற்றுக்குள் ஐந்து சென்டிமீட்டர் மிச்சம் வைத்து அடங்கியது.

அவள் அன்றைய செய்தித்தாளை உள்ளே வைத்துப் பூட்டி, கடை வாசல் குழாயடியில் பத்து நிமிடம் பெட்டியைக் குளிப்பாட்டச் சொன்னாள். கடைக்காரர் தன் தொழில் வாழ்க்கையைப் பற்றி யோசித்தபடி குளிப்பாட்டினார். திறந்தபோது தாள் மொறமொறவென்று இருந்தது. அதை எடுத்து விரித்து நின்றபடியே தலைப்புச் செய்தி படித்துவிட்டு, “இதுவே போதும்” என்றாள்.

வாத்தியார் மூடியை விரலால் அளந்து பார்த்தார். அந்த மூடியில் இரண்டு நாட்டுக்கு மேல் இடம் இருக்காது.

பெட்டி வந்தபின்தான் உண்மையான இடைஞ்சல் தெரிந்தது. கற்கள் ஆடாமலிருக்க மரத்தில் குழி வெட்டிய கட்டை செய்து வைத்தாள். வழக்கமாக ஜீப்பில் போகிற இருபது கிலோவை ஐந்து ஐந்து கிலோவாக நாலு கற்களாகப் பிரித்துப் பக்கத்துக்கு இரண்டாக அடுக்கினாள். தூக்குவதற்கு ஒன்று ஒன்றாகத்தான், ஐந்துக்கு மேற்படவில்லை, மருத்துவர்கள் மூவரும் வந்து நின்றாலும் பதில் உண்டு. மூடியைச் சாத்தும்போது உட்புறம் ஒட்டியிருந்த சிறு எழுத்தைப் படித்தாள். அதிகபட்சச் சுமை: பத்து கிலோ.

கற்கள் பத்து கிலோ. கட்டை முந்நூற்று எண்பது கிராம்.

“முந்நூத்தி எண்பது கிராம்ல பெட்டி உடையாது” என்றார் வாத்தியார்.

“உடையாதுங்க.”

“அப்புறம் என்ன? யாரு வந்து நிறுத்துப் பார்க்கப் போறாங்க?”

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. “அந்த மண்டிக்காரரும் இதையேதாங்க நினைச்சிருப்பாரு.”

வாத்தியார் மெழுகுத் துணியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு மறுபக்கம் போய்விட்டார்.

கற்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு அவள் விதிப்புத்தகத்தைப் பிரித்தாள். ஜீப் இருந்த காலத்தில் யாரும் புரட்டாத பக்கம் ஒன்று இருந்தது. போதிய எடைக்கல் கொண்டுபோக முடியாத இடத்தில், தராசின் முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். கல்லை வைத்துத் தராசு காட்டுவதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கல்லை இறக்கி, அதே எண் காட்டும்வரை கையில் கிடைத்த பொருளை ஏற்ற வேண்டும். அதன்மேல் மறுபடி கல். இப்படிப் படிப்படியாக உச்சி வரை ஏறலாம். கல் குறையக் குறையப் பொறுமை கூட வேண்டும், அவ்வளவுதான்.

மண்டித் தராசு அறுபது கிலோ. ஐந்தில் ஒரு பங்கு பன்னிரண்டு. இடது பெட்டியில் ஒரு ஐந்து கிலோ கல்லும், ஈய முத்திரைகளும், அவற்றை நசுக்கும் இடுக்கியும். வலதில் ஒரு ஐந்து, ஒரு இரண்டு. கட்டையோடு சேர்த்து நிறுத்தாள். இரண்டு பக்கமும் பத்துக்குள்.

கிளம்பிய காலையில் வாத்தியார் வாசலில் நின்றார். “பின்னாடி உக்காந்து நானும் வரட்டுமா?”

“நீங்க எழுபத்தாறு கிலோ.”

“அதனால?”

“வழுக்கி விழுந்தா உங்களைத் தூக்கணும். எனக்கு அஞ்சு கிலோதான் அனுமதி.”

நாலரை மணி நேரப் பாதை. பாதிக்கு மேல் பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. தொங்குபாலத்தின் வாயில் கடிதக்காரி காத்திருந்தாள். வண்டியைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, “கயிறு சரியா இருந்துச்சா மேடம்?” என்றாள்.

“இப்போ தெரியும்.”

தூண்களுக்கு நடுவே வண்டியைத் தள்ளினாள். இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடம் விட்டுப் பெட்டிகள் நுழைந்தன.

மண்டிக்காரர் மரியாதையானவர். நாற்காலி போட்டார். அவள் உறை மாட்டிய கையால் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வருவதைப் பார்த்ததும் அவர் முகத்தில் நிம்மதி பரவியது.

“இவ்வளவுதானா? இது அறுபது கிலோ தராசும்மா.”

“மிச்சத்தை நீங்க குடுப்பீங்க. கிழங்கு இருக்கில்ல?”

பன்னிரண்டு வைத்தாள். பன்னிரண்டு காட்டியது. கல்லை இறக்கினாள். ஊர்க்காரர்கள் கிழங்கு ஏற்றினார்கள். கடைசிச் சில கிராமுக்குக் கடிதக்காரி கத்தியால் கிழங்கைச் சீவிச் சீவி வைத்தாள். பன்னிரண்டு வந்ததும் மறுபடி கல். இருபத்துநாலு, சரி. மறுபடி இறக்கி, ஏற்றி, சீவி, முப்பத்தாறு. சரி. சுற்றி நின்றவர்கள் கடிதக்காரியைப் பார்க்கத் தொடங்கினார்கள். “மூணு கடுதாசி எழுதினியே, முத்து முத்தான கையெழுத்துல” என்று ஒருவர் இழுத்தார். மண்டிக்காரர் குடிக்க ஏதாவது கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாங்க. இன்னும் ரெண்டு படி இருக்கு.”

தோள் விண்விண்ணென்று தெறித்தது. ஐந்து, ஐந்து, இரண்டு என்று நாலாவது முறை ஏற்றினாள். நாற்பத்தெட்டு இருக்க வேண்டும். தராசு நாற்பத்தாறு கிலோ நூறு கிராம் காட்டியது.

அவள் எல்லாவற்றையும் இறக்கச் சொல்லிவிட்டு, தட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தாள். அடியில் ஒரு திருகு, இருக்க வேண்டிய உயரத்துக்கு மேல் எழும்பி நின்றது. பாரம் குறைவாக இருந்தால் தட்டு அதைத் தொடாது. மூட்டை ஏறினால் தட்டு அதில் உட்கார்ந்துகொள்ளும், மிச்சப் பாரத்தைத் திருகு தாங்கிக்கொள்ளும். தண்ணீர் கேனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

“ரோட்டு ஆட்டத்துல ஏறியிருக்கும்மா” என்றார் மண்டிக்காரர்.

“ரெண்டு வருஷமா தராசு எங்கேயும் போகலையேங்க.”

கடிதக்காரி சீவிய கிழங்குத் துண்டுகளைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இழுத்துப் பேசியவர் குனிந்து அவளுக்கு உதவினார். விதிப்படி கடைசிப் படியும் பாக்கி இருந்ததால், தட்டைத் திரும்பப் பொருத்தி அறுபது வரை அளந்தாள். அங்கே நாலு கிலோ குறைந்தது. அதையும் எழுதினாள்.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தபோது, பிற்பகல் மூன்றே முக்காலுக்கு, இனி யாரும் அதில் நிறுக்க முடியாதபடி அவள் அந்தத் தராசுக்கு ஈய முத்திரை வைத்து நசுக்கி, கற்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.