மயில்நீலத் தலையணை உறை

காலை ஒன்பது மணிக்குத் திருப்பூரில் தாராபுரம் பஸ் ஏறினேன். அவிநாசிபாளையத்துக்கு டிக்கெட் ஏழு ரூபாய். 2007 ஆடி மாதம். காற்று பஸ்ஸையே ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் சாத்தூரிலிருந்து பிழைக்க வந்து பனியன் கம்பெனியில் தைப்பவர். நான் தங்கப்போகும் விடுதியைப் பற்றிச் சொன்னதும், "காத்துலயும் வெயில்லயும் ஓடுற லாட்ஜா? எங்க லைன் வீட்டுல கரண்ட் போனா நாங்களும் அங்கதான் வரணும் அண்ணாச்சி" என்றார். கும்பகோணத்துக்காரன் ஒரே டிக்கெட்டில் அண்ணாச்சி ஆகிவிட்டேன்.

பத்து மணிக்கு இறங்கி, நாற்பது ரூபாய் ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர் போனேன். ஓடைக்கரைத் தோட்டத்துக்குள் எட்டு அறைகள் கொண்ட விடுதி. நடத்துபவர் சாந்தாமணி. அவர் கணவர் பொன்னுச்சாமிக்கு, அதே ஓடையில் இரண்டு கிலோமீட்டர் மேலே சாயப்பட்டறை இருக்கிறது. வாடகை நானூற்றைம்பது, காலை இட்லி சேர்த்து.

மொட்டை மாடியில் சூரியத் தகடுகள், கம்பத்தில் சின்னக் காற்றாடி, சமையலறைக்குச் சாண எரிவாயு என்று எல்லாவற்றையும் அந்த அம்மாள் சுற்றிக் காட்டினார். எதையும் வீணாக்க மாட்டாராம். கணவரின் ஆர்டரில் மிஞ்சிய துணியில்தான் தலையணை உறைகள்கூட. இந்த வாரம் தைத்தவை பளிச்சென்ற மயில்நீலம். ஆளில்லாத அறையில் ஃபேனை ஓடவிடும் ஜாதி நான், வெட்கமாக இருந்தது.

விடுதி ஒரு வருஷமாக ஈயோட்டிக்கொண்டிருந்தது. கணவருக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் அம்மாள் மறுநாள் வந்து தங்குகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் அந்தக் கம்பெனி ஆட்கள் எல்லோரும் இனி இங்கேதான் தங்குவார்கள். பிடிக்காவிட்டால் விடுதியை மூடவேண்டியதுதான் என்று சாந்தாமணி மறைக்காமல் சொன்னார்.

பதினொரு மணிக்குக் குளிக்கப் போனேன். வெள்ளை பக்கெட்டில் வெயிலில் காய்ந்த வெந்நீரைப் பிடித்தேன். தண்ணீர் நீலமாக இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீலத் தண்ணீரைப் படத்தில் பார்த்திருக்கிறேன், குழாயில் பார்த்ததில்லை. துண்டோடு வராந்தாவுக்கு ஓடிவந்துவிட்டேன்.

சாந்தாமணி வந்து பார்த்தார். முகம் வெளுத்தாலும் அதிசயப்படவில்லை. மூன்று மாதம் முன்பு குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் கிணறு சிவந்ததாம், அப்புறம் கறுத்ததாம். மேலே இருக்கும் யாரோ ஒரு பட்டறைக்காரர் சாயக் கழிவை ஓடையில் விடுகிறாராம். கலெக்டருக்கு மனு தயார். ஆள் யாரென்று தெரியாததால் பட்டறைப் பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். தங்கள் பட்டறையில் சுத்திகரித்துத்தான் விடுகிறார்கள் என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று, "உங்க தலையணை உறை கலரேதாம்மா இது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு உறையை எடுத்துவந்து பக்கெட்டின் மேல் பிடித்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கலரு ஓடைக்கரையில வேற யாருகிட்டயும் இல்லீங்க. ஒம்பது தடவ சாம்பிள் போட்டு, போன வாரந்தான் எங்க பட்டறைக்கு ஓகே ஆச்சுங்க."

வேலியே பயிரை மேய்ந்ததாகக் கதை கேட்டிருக்கிறேன். வேலிக்குச் சொந்தக்காரி முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

கணவருக்குப் போன் செய்தார். அவர் மறுக்கவில்லையாம். சுத்திகரிப்பு மோட்டார் கரண்டைத் தின்கிறது, சில நாள் ஓட்டுவதில்லை, ஊரில் யார்தான் ஓட்டுகிறார்கள் என்றாராம். கரண்டை மிச்சம் பிடிப்பதில் கணவனும் மனைவியும் ஒரே கட்சி. கம்பெனி அம்மாள் வருவதற்குள் நல்ல தண்ணி லாரி ஒன்று அனுப்புகிறேன் என்றும் சொன்னாராம்.

சாந்தாமணி மனுவை எடுத்து மேஜையில் விரித்தார். விட்டிருந்த இடத்தில் தன் கணவரின் பட்டறைப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். ஆர்டர் போய்விடுமே, விடுதியும் போய்விடுமே என்று நான்தான் பதறினேன்.

"லாரி வந்தா திருப்பி அனுப்பிருவேனுங்க. இந்த பக்கெட்டு இப்படியே இருக்கட்டும். அந்தம்மா பாக்கட்டும்" என்றார்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். வாடகையை வாங்க மறுத்துவிட்டார். பஸ்ஸில் வழியெல்லாம் பொன்னுச்சாமியை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். கரூர் தாண்டியதும்தான் ஒன்று உறைத்தது: என் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறதென்று இந்த ஐம்பத்தாறு வயது வரை நான் பார்த்ததே இல்லை. ராத்திரி ஊர் வந்ததும் பையை வைத்துவிட்டு, டார்ச்சோடு அந்தச் சாக்கடை கூடவே நடந்து போனேன். நாலு தெரு தாண்டி, நேராகக் காவிரியில் விழுந்தது.